லாரிக்கு அபராதம் தோப்பிலேயே தொடங்குகிறது

பெரியபட்டினம், முத்துப்பேட்டை, இரட்டையூரணி, உச்சிப்புளி வட்டாரத்துத் தென்னந்தோப்புகளில் காய்வெட்டு முடிந்ததும் அடுத்த கவலை வண்டிக் கவலைதான். சிறு தோப்புக்காரர் ஒருவரிடம் ஒரு வண்டிக்கு வேண்டிய காய் இருப்பதில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு வண்டி பிடிக்கிறார்கள். ஏற்றி முடிந்து கயிறு கட்டும் நேரத்தில், "இன்னும் இருநூறு காய்தானே தம்பி, மேலே போட்டுக்கொள்" என்ற பேச்சு எழாத தோப்பு இல்லை. கிராக்கியின் மனம் கோணக்கூடாதே என்று டிரைவரும் தலையாட்டிவிடுகிறார். இராமநாதபுரம் தாண்டி மதுரைச் சாலையில் வண்டியை மறித்து எடை பார்க்கும்போதுதான் அந்த இருநூறு காயின் விலை தெரிகிறது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் திருத்தம் 2019 செப்டம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அதிக பாரத்துக்குக் குறைந்தபட்ச அபராதம் 2,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கு 1,000 ரூபாயுமாக இருந்தது. இப்போது சட்டம் விதிப்பது 20,000 ரூபாய். அதன்மேல் டன்னுக்கு 2,000 ரூபாய். ஒரு டன் கூடினால் 22,000 ரூபாய் ஆகிறது. ஒரு டன்னைக் கூடுதலாக ஏற்றி எந்த விவசாயியும் இவ்வளவு வாடகையை மிச்சம் பிடித்துவிட முடியாது.

பணத்தோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. கூடுதல் சரக்கை இறக்காமல் வண்டி நகரக்கூடாது என்பதும் சட்டம். இறக்குகூலியும் வண்டிக்காரர் தலையில்தான். யாருடைய காயை இறக்குவது? மேலே கிடப்பதுதானே முதலில் இறங்கும்! கடைசியாக ஏற்றியவர் காய் சாலையோரத்தில் கிடக்கும். அபராதம் டிரைவரோடு நிற்பதும் இல்லை. உரிமையாளர் வேறு ஆளாக இருந்தால், அவருக்குத் தெரிந்தே அதிக பாரம் ஏற்றப்பட்டது என்று நீதிமன்றம் கருத இடமுண்டு. கடைசியில் அது அடுத்த நடை வாடகையில் ஏறி விவசாயியிடமே வந்து சேரும்.

எடைக் கணக்கு

கணக்கு கடினமானதல்ல. ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று வெறும் வண்டி எடை. மற்றது சரக்கோடு சேர்ந்த மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ஏற்றக்கூடிய பாரம். ஆனால் பக்கப் பலகை உயர்த்தி, இரும்புச் சட்டம் அடித்த வண்டியின் வெறும் எடை புத்தகத்தில் உள்ளதைவிடக் கூடியிருக்கும். ஆகவே ஒரு தடவை வெறும் வண்டியை எடை மேடையில் நிறுத்திப் பார்த்துவிடுவது நல்லது.

மட்டை உரித்த காய் ஒன்று ஏறக்குறைய 500 முதல் 600 கிராம் இருக்கும். குட்டியானை என்று சொல்லப்படும் சின்ன வண்டி முக்கால் டன் அளவுக்குத்தான் தாங்கும். மாடலுக்கு மாடல் சற்று வேறுபடும். அதில் 2,000 காய் ஏற்றினால் ஒரு டன்னைத் தாண்டிவிடும். மட்டையோடு ஏற்றினால் ஒரு காயே ஒரு கிலோவுக்கு மேல் போகும். மழையில் நனைந்த மட்டை என்றால் கேட்கவே வேண்டாம். தோப்பிலேயே உரித்து அனுப்பினால் ஒரே வாடகையில் கூடுதல் காய் போகும். மட்டையும் தோப்புக்கு மிஞ்சும்.

மக்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் எடை பார்க்கச் சொன்னால் மறுக்காமல் போய்விடுவதே புத்திசாலித்தனம். நிறுத்த மறுத்தாலோ, எடை போட மறுத்தாலோ அபராதம் 40,000 ரூபாய். அதே சமயம் எடை மேடை வண்டி போகும் வழியிலிருந்து 10 கிலோமீட்டருக்குள், அல்லது சேருமிடத்திலிருந்து 20 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதையும் டிரைவர் தெரிந்து வைத்திருக்கலாம்.

திருவாடானைப் பக்கத்து வைக்கோலுக்கும், கருவேலங்கரி மூட்டைக்கும் எடை தொல்லையில்லை. அகலமும் உயரமும்தான் தொல்லை. பாரம் வண்டியின் பக்கவாட்டைத் தாண்டினாலோ, முன்னும் பின்னும் உயரத்திலும் அனுமதித்த அளவை மீறினாலோ அதற்கும் 20,000 ரூபாய்தான். இருட்டில் எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரருக்கு வெளியே நீட்டிய வைக்கோல் தெரியாது என்பதால் இந்த விதியைக் குறை சொல்வதற்கில்லை.

பாரத்தின்மேல் ஆள்

ஏற்றுகூலி ஆட்களைப் பாரத்தின்மேல் உட்கார வைத்து அனுப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. இது அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து. 1994-ல் வந்த திருத்தத்தின்படி சரக்குக்கு உரியவரோ, அவர் அனுப்பிய ஆளோ வண்டியில் போனால் இன்சூரன்ஸ் பாதுகாப்பு உண்டு. சும்மா ஏறிக்கொண்டவர்களுக்கு அது கிடையாது என்று சுப்ரீம் கோர்ட் 2002-ல் கூறிவிட்டது. காய்க்காரர் டிரைவர் பக்கத்தில் கேபினில் உட்கார்ந்து போகட்டும். மற்றவர்கள் பஸ்ஸில் போகலாம்.

லைசென்சைப் பற்றி இருந்த குழப்பம் இப்போது தீர்ந்துவிட்டது. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவரே ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தனர். மொத்த எடை 3,000 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டிக்குப் பெர்மிட்டும் வேண்டியதில்லை. ஆனால் எஃப்.சி. வேண்டும். எட்டு வயதுக்கு மேற்பட்ட வண்டிக்கு அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். பல வண்டிகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் முதல் தடவை 2,000, மறுபடி 4,000 ரூபாய்.

காகிதங்களைக் கையோடு கொண்டுபோக மறந்துவிட்டால் பதற வேண்டாம். டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ உள்ளதைக் கைபேசியில் காட்டினால் போதும்.

அபராதம் கட்டினால் ரசீது இல்லாமல் கட்டக்கூடாது. லைசென்சை அதிகாரி வாங்கி வைத்துக்கொண்டால் அதற்கு ஒப்புகைச் சீட்டு கேட்டுப் பெற வேண்டும். குற்றம் செய்யவில்லை என்று நினைப்பவர் பணம் கட்டிவிட்டுப் பிறகு வாதாடுவதில் பயனில்லை. கட்டாமல் நீதிமன்றத்தில் சொல்வதே வழி. வண்டியின்மேல் சலான் நிலுவை உண்டா என்பதை அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் "சலான்" என்ற பெயரில் ஏதாவது செயலியை இறக்கச் சொல்லி வந்தால் அதைத் தொடக்கூடாது. அது வங்கிக் கணக்கைத் துடைக்க வரும் மோசடி.

பழைய வண்டியை விற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயர் மாறாதவரை சலான் எல்லாம் விற்றவர் பெயருக்கே வரும். விற்ற 14 நாட்களுக்குள் 29-ஆம் எண் படிவத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சேர்ப்பித்து, அதன் நகலைப் பத்திரத்தோடு பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.