முட்டை காணாமல் போனால் முதலில் சாம்பலைத் தூவுங்கள்

நாட்டுக்கோழி முட்டை விற்ற காசுதான் பல கிராமத்து வீடுகளில் பெண்களின் சிறுவாடு. அடை வைக்கச் சேர்த்த முட்டை தினம் ஒன்றாகக் குறைந்தால் ஆத்திரம் வரத்தான் செய்யும். அந்த ஆத்திரத்தில் இருட்டில் கூட்டுக்குள் கையை விட்டுத் துழாவுகிறார்கள். முட்டைக்குள் விஷம் வைக்கிறார்கள். இரண்டுமே உயிருக்கு ஆபத்து.

எடுப்பது எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். கோழிகளை அடைத்ததும் கூட்டைச் சுற்றி அடுப்புச் சாம்பலையோ சலித்த மணலையோ மெல்லிசாகத் தூவுங்கள். காலையிலும் அந்தியிலும் முட்டைகளை எண்ணுங்கள். பகலில் போகிறதா, இரவில் போகிறதா என்று தெரிந்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஓட்டுத் துண்டுகூட இல்லாமல் முட்டை மாயமானால் பாம்பாக இருக்கலாம். நல்ல பாம்பு கோழிமுட்டையை முழுசாக விழுங்கும். சாம்பலில் வளைந்து போன ஒற்றைத் தடம் தெரியும். நடுவே வால் இழுத்த கோடும் இருபுறமும் நகம் பதிந்த காலடியும் இருந்தால் அது உடும்பு. உடும்பும் விழுங்கத்தான் செய்யும், ஆனால் வெயில் நேரத்தில் வரும். கீரியும் பகலில்தான் நடமாடும். அது முட்டையை முன்னங்காலால் பிடித்து, பின்னங்கால்களுக்கு இடையே பின்பக்கமாகக் கல்லிலோ சுவரிலோ எறிந்து உடைக்கும். சுவரோரம் சிதறிய ஓடு கிடந்தால் கீரியை நினையுங்கள். கொறித்த ஓடு வளை வாயில் கிடந்தால் பெருச்சாளி. மரநாய் இரவில் வரும், பெரும்பாலும் முட்டையோடு நிற்காது, குஞ்சையும் கொண்டுபோகும்.

கோழியே குடிப்பதும் உண்டு. அலகில் காய்ந்த மஞ்சள் கருவும் முட்டையிடும் இடத்தில் பிசுபிசுத்த வைக்கோலும் அதற்கு அடையாளம். ஓடு மெலிந்து எளிதில் உடைவதால்தான் பெரும்பாலும் இந்தப் பழக்கம் தொற்றுகிறது. தீவனத்தோடு கிளிஞ்சல் தூள் கொடுங்கள், இட்டவுடன் முட்டையை எடுத்துவிடுங்கள். சில கோழிகள் இடம் மாற்றி வைக்கோல் போரில் இட்டுவைக்கும். அங்கெல்லாம் தேடிப் பார்க்காமல் பக்கத்து வீட்டுப் பிள்ளை மேல் பழி போடுவது பெரிய பாவம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, காட்டு உயிருக்கு விஷம் வைப்பதும் வேட்டைதான். முயற்சி செய்தாலே குற்றம். உடும்பு, நல்ல பாம்பு, கீரி மூன்றும் இப்போது முதல் அட்டவணையில் உள்ளன. அவற்றைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறையும் அபராதமும் உண்டு. மனித உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு கொல்ல நேர்ந்தால் சட்டம் விலக்கு அளிக்கிறது; முட்டையைக் காப்பாற்றக் கொன்றேன் என்றால் அது செல்லாது. விஷ முட்டையை நாயும் மயிலும் தின்னும், விளையாடும் குழந்தையும் எடுக்கும். கூட்டு வேலியில் மின்சாரம் பாய்ச்சுவது அதைவிடக் கொடுமை. இரவில் வெளியே வரும் உங்கள் வீட்டு ஆளே அதில் கை வைக்கலாம்.

கூட்டுக்குள் பாம்பு இருந்தால் நீங்களே அடிக்கவோ பிடிக்கவோ போகாதீர்கள். தள்ளி நின்று, அது போகும் இடத்தைக் கண்காணித்தபடி தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். கடித்துவிட்டால் இறுகக் கட்டுவதும், கீறுவதும், வாய் வைத்து உறிஞ்சுவதும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். அரசு மருத்துவமனைகளில் விஷமுறிவு மருந்து இலவசம். மந்திரிக்கப் போய் நேரத்தைத் தொலைத்தால் உயிர் போய்விடும்.

நிரந்தரத் தீர்வு கூட்டைச் சரிசெய்வதுதான். சிந்திய தீவனத்தை இரவுக்குள் கூட்டிவிடுங்கள். அதைத் தின்ன எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். கூட்டைத் தரையிலிருந்து உயர்த்துங்கள், பக்கத்தில் விறகு அடுக்காதீர்கள். நைலான் வலை வேண்டாம். அதில் பாம்பு சிக்கிச் சாகும், அல்லது உயிரோடு மாட்டிக்கொண்டு உங்களைக் கடிக்கும். அரை அங்குலக் கண் உள்ள கம்பி வலையை அடித்து, அதன் அடிப்பகுதியை மண்ணுக்குள் ஓர் அடி புதையுங்கள். உங்கள் வலையின் கண்ணில் கட்டைவிரல் நுழைந்தால் இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.