ஆர்ட்டிக்கிள்ஷிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்

சி.ஏ. இன்டர் இரண்டு குரூப்பும் பாஸான அன்றே வீட்டில் அடுத்த பேச்சு தொடங்கிவிடும். பிக் ஃபோர் எனப்படும் நான்கு பெரிய கணக்கியல் நிறுவனங்களில் ஒன்றில் ஆர்ட்டிக்கிள்ஷிப் பயிற்சி கிடைக்குமா, இல்லை சென்னையிலோ கோவையிலோ ஐம்பது நூறு பேர் வேலை பார்க்கும் நடுத்தர ஆடிட்டர் ஆபீஸ் போதுமா? சித்தப்பா ஒன்று சொல்வார், கோச்சிங் சென்டர் நண்பன் வேறொன்று சொல்வான். இருவரும் பெயர்ப்பலகையைப் பற்றித்தான் பேசுவார்கள். பத்திரத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

அந்தப் பத்திரத்துக்கு 102ஆம் படிவம் என்று பெயர். அதில் ஒரு பக்கம் மாணவர் கையெழுத்து, மறுபக்கம் ஒரே ஒரு பட்டயக் கணக்காளரின் கையெழுத்து. ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் நிறுவனமானாலும் சட்டப்படி நீங்கள் சேர்வது அந்த ஒரு பார்ட்னரிடம்தான். அவர்தான் உங்கள் பிரின்சிபல். உங்கள் பயிற்சிக்கும் ஸ்டைபெண்டுக்கும், கடைசியில் முடிப்புச் சான்றாக வரும் 108ஆம் படிவத்துக்கும் பொறுப்பு அவருடையது. பெரிய நிறுவனத்தில் அவர் முகத்தை இரண்டு ஆண்டில் நாலைந்து முறை பார்த்தால் அதிகம். உங்களை நடத்துவது சீனியரும் மேனேஜரும். நடுத்தர ஆபீஸில் உங்கள் ஃபைலை அவரே புரட்டிப் பார்த்துக் கேள்வி கேட்கக்கூடும். ஆகவே நேர்முகத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: என் பிரின்சிபல் யார், நான் யார் டீமில், எந்தத் துறையில்?

பெயர்ப்பலகையிலும் ஒரு சிக்கல் உண்டு. வெளிநாட்டுப் பெயர் கொண்ட குழுமங்களில், இந்தியாவில் ஆடிட் அறிக்கையில் கையெழுத்திடுவது இங்கே பதிவான உறுப்பு நிறுவனங்கள். இ.ஒய். பக்கம் எஸ்.ஆர். பட்லிபாய், கே.பி.எம்.ஜி. பக்கம் பி.எஸ்.ஆர். அண்ட் கோ என்று அவை தனிப்பெயரில் இயங்குகின்றன. அதே லோகோவின் கீழ் கன்சல்டிங் கம்பெனிகளும், வெளிநாட்டு அலுவலகங்களுக்கு வேலை செய்து கொடுக்கும் மையங்களும் தனித்தனியாக உள்ளன. அங்கே கிடைப்பது சம்பள வேலை, ஆர்ட்டிக்கிள்ஷிப் ஆகாது. ஆஃபர் லெட்டரின் அடியில் எந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறது என்று படித்துவிட்டு இனிப்பு வழங்கினால் போதும்.

பட்டயக் கணக்காளர் இன்ஸ்டிடியூட் 2023 ஜூலை 1 முதல் கொண்டுவந்த புதிய திட்டம் மூன்று ஆண்டுப் பயிற்சியை இரண்டாகச் சுருக்கிவிட்டது. இது பெரிதா நடுத்தரமா என்ற கணக்கையே மாற்றுகிறது. பெரிய நிறுவனத்தில் ஸ்டாட்யூட்டரி ஆடிட் பிரிவில் விழுந்தால், பட்டியலிட்ட கம்பெனியின் காலாண்டு முடிவு 45 நாளில், ஆண்டு முடிவு 60 நாளில் என்ற செபியின் கெடுக்களோடு ஓடுவீர்கள். இந்த்-ஏ.எஸ். கணக்கியல் தரநிலைகள், வேலைத்தாள்களை ஒழுங்காகப் போடும் பழக்கம், ஆயிரம் கோடி ரூபாய்க் கம்பெனியின் லெட்ஜர் எப்படி இருக்கும் என்ற அறிவு, இவையெல்லாம் வரும். வருமான வரி ரிட்டர்ன் ஒன்றைக்கூடத் தொடாமலே இரண்டு ஆண்டு முடிந்துவிடவும் கூடும். நடுத்தர ஆபீஸில் மாதா மாதம் 11, 20 தேதிகளில் ஜி.எஸ்.டி., ஏப்ரலில் வங்கிக் கிளை ஆடிட், செப்டம்பரில் டாக்ஸ் ஆடிட் என்று எல்லாம் கையில் படும். வரி நோட்டீஸைப் பிடித்தபடி பதறும் கிளையண்ட்டுக்கு நேரில் பதில் சொல்லவும் கற்பீர்கள். டாலியில் என்ட்ரி போட்டே காலம் கழிந்துபோகும் ஆபத்து அங்கே உண்டு. முன்பு அங்கிருந்த ஆர்ட்டிக்கிள் யாரிடமாவது பத்து நிமிடம் பேசினால் இது தெரிந்துவிடும்.

நடுத்தரம் என்றால் கடைக்கணக்கு மட்டும்தான் என்ற பழைய எண்ணமும் இப்போது முழுக்கச் சரியில்லை. 2013 கம்பெனிகள் சட்டம், பட்டியலிட்ட கம்பெனிகளில் ஒரே ஆடிட் நிறுவனம் தொடர்ந்து 10 ஆண்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்றது. அந்தச் சுழற்சியில் சில பெரிய கணக்குகள் நடுத்தர நிறுவனங்களுக்கும் வந்தன. என்னைக் கேட்டால், இரண்டே ஆண்டு என்ற நிலையில், துறை மாற்றித் தரும் நடுத்தர ஆபீஸ்தான் பெரும்பாலான மாணவருக்கு நல்லது. பட்டியலிட்ட கம்பெனி ஆடிட்டோ வெளிநாட்டு வேலையோதான் குறி என்று தெளிவாக இருப்பவர் பெரிய நிறுவனத்துக்குப் போகட்டும்.

எங்கே சேர்ந்தாலும் விதிகள் ஒன்றே. பயிற்சிக்குச் சேர்க்கப் பணமோ கடனோ டெபாசிட்டோ வாங்கக்கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு பட்டயக் கணக்காளர் ஒழுங்குமுறைகளின் 47ஆம் விதி. குறைந்தபட்ச ஸ்டைபெண்டை 48ஆம் விதி சொல்கிறது. ஊரின் மக்கள்தொகையையும் பயிற்சி ஆண்டையும் பொறுத்து அது மாறும். அதைக் காசோலையாகவோ மாணவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கிலோதான் தர வேண்டும். வங்கியில் போட்டுவிட்டு ரொக்கமாகத் திருப்பிக் கேட்கும் கெட்ட பழக்கம் சில இடங்களில் உண்டு. அதற்கு ஒத்துப்போனால், புகார் சொல்ல வேண்டிய நீங்களே உடந்தை ஆகிவிடுவீர்கள். ஆபீஸுக்கே போகாமல் பெயரை மட்டும் பதிந்து வைக்கும் 'டம்மி' ஆர்ட்டிக்கிள் இன்னும் மோசம். கண்டுபிடித்தால் பயிற்சிக் காலம் செல்லாது, மாணவர், பிரின்சிபல் இருவர் மீதும் நடவடிக்கை வரும்.

வேலை நேரம் வாரத்துக்கு 35 மணி என்று 60ஆம் விதி சொல்கிறது. செப்டம்பரில் நடுத்தர ஆபீஸிலும் மே மாதம் பெரிய நிறுவனத்திலும் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருப்பது சிறிய விஷயம் அல்ல. 2024 ஜூலையில் புனேயில், பெரிய கணக்கியல் நிறுவனம் ஒன்றில் சேர்ந்து நான்கே மாதமான 26 வயதுப் பெண் பட்டயக் கணக்காளர் இறந்தார். வேலைச் சுமைதான் காரணம் என்று அவர் தாய் எழுதிய கடிதம் செப்டம்பரில் நாடெங்கும் பேசப்பட்டது. நிறுவனம் அதை மறுத்தது. மாநிலத் தொழிலாளர் துறை போய்ப் பார்த்தபோது, 2007 முதல் இயங்கிய அந்த அலுவலகம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி பதிவே செய்யப்படவில்லை என்று தெரிந்தது. பெரிய பெயர் இருந்தால் விதியும் தானாகவே இருக்கும் என்று நம்ப முடியாது.

பெண்களுக்கு ஒரு செய்தி. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சி பெறுவோரையும் காக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு கட்டாயம். அதைவிடச் சிறிய ஆபீஸ் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகாரை எழுத்தில் தர வேண்டும்.

சி.ஏ. முடித்துச் சம்பளத்துக்குச் சேரும்போது பாண்ட் வரும். பாண்ட் எல்லாம் செல்லாது என்று நண்பர்கள் தைரியம் சொல்வதை நம்பாதீர்கள். மூன்று ஆண்டு வேலை செய்யாவிட்டால் 2 லட்ச ரூபாய் கட்ட வேண்டும் என்ற ஒரு வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே ஏற்றது. விலகிய பிறகு வேறு எங்கும் அதே தொழில் செய்யக்கூடாது என்று எழுதி வாங்கினால், ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு முன் அது பொதுவாக நிற்காது. அசல் சான்றிதழ்களை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள், நகல் போதும்.

மீண்டும் ஆர்ட்டிக்கிள்ஷிப்புக்கு வருவோம். பயிற்சியில் சேர்ந்த பின் முதல் வேலை, பதிவுக்கான 103ஆம் படிவம் 30 நாளுக்குள் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது. இன்ஸ்டிடியூட்டின் இணைய தளத்தில் உங்கள் கணக்கிலேயே அது தெரியும். பதிவாகாமல் ஆறு மாதம் உழைத்துவிட்டுத் தலையில் கை வைத்தவர்கள் உண்டு. இடம் மாற 109ஆம் படிவம் வேண்டும், அதில் பிரின்சிபல் கையெழுத்தும் வேண்டும். தொடக்கத்தில் இது எளிது. காலம் கடந்தால் உடல்நலம், பெற்றோரின் இடமாற்றம் போன்ற சில காரணங்களுக்கு மட்டுமே ஒப்புக்கொள்வார்கள். ஒத்துவரவில்லை என்றால் அதை முதல் சில மாதங்களிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

கையெழுத்துத் தர மறுத்தாலோ ஸ்டைபெண்ட் நின்றாலோ இன்ஸ்டிடியூட்டிடம் புகார் தர வழி இருக்கிறது. இ-சகாயதா தளத்திலும், தென்மண்டலத்துக்கு நுங்கம்பாக்கம் அலுவலகத்திலும் தரலாம். அங்கே வாய்வார்த்தை எடுபடாது. வங்கி ஸ்டேட்மெண்ட், மின்னஞ்சல்கள், எந்த நாள் எந்தக் கிளையண்ட்டிடம் எத்தனை மணி வரை இருந்தீர்கள் என்று அன்றன்றே எழுதிய டைரி, இவற்றின் நகலோடு போங்கள். கிளையண்ட்டின் கணக்கு ஆவணங்களை மட்டும் சாட்சிக்கென்று எடுத்து வராதீர்கள். அது உங்கள் மீதே ஒழுங்கு நடவடிக்கையாகத் திரும்பும்.