நாதசுவரத்துக்கான மாற்று மரங்கள்

நாதசுவரத்தின் உடற்பகுதியான உலவு மரபாக ஆச்சா மரத்தில் கடையப்படுகிறது. தஞ்சாவூர் மாவட்டத்திலுள்ள நரசிங்கம்பேட்டை இக்கருவி செய்வதில் பெயர்பெற்ற ஊர். அங்கு உருவாகும் நாதசுவரம் 2022-ல் புவிசார் குறியீடு பெற்றது. நல்ல ஆச்சா அரிதாகி வருவதால், வேறு எந்த மரத்தில் இதைச் செய்யலாம் என்பது ஆசாரிகளுக்குப் பிழைப்பு சார்ந்த கேள்வியாகியுள்ளது.

ஆச்சாவின் சிறப்பு

ஆச்சா இந்தியாவின் மிகக் கடினமான, கனமான மரங்களுள் ஒன்று. தீபகற்பத்தின் வறண்ட காடுகளில் வளர்கிறது. ஆனால் புதிதாக வெட்டிய ஆச்சா இந்த வேலைக்கு ஆகாது. ஈரம் வற்றும்போது மரம் சுருங்கும், முறுக்கும், வெடிக்கும். உலவின் உட்துளை மேலே குறுகிக் கீழே விரியும் கூம்பு வடிவம் கொண்டது. அதில் சிறு கோணல் விழுந்தாலும் சுருதி விலகிவிடும். வாசிப்பவரின் மூச்சிலுள்ள ஈரமும் அந்தத் துளைக்குள்தான் இறங்குகிறது. எனவே பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்திரம், தூண் போன்றவற்றை ஆசாரிகள் தேடி வாங்குகின்றனர். பல பத்தாண்டுகள் கூரையின் கீழ் உலர்ந்த மரம் அதற்குமேல் எளிதில் அசையாது. அத்தகைய வீடுகள் குறையக் குறைய மரமும் குறைகிறது. இன்று கன்று நட்டாலும் இந்தத் தலைமுறைக்கு உதவாது.

டி. என். இராசரத்தினம் பிள்ளையின் (1898–1956) காலத்தில் பரவிய பாரி நாதசுவரம், பழைய திமிரியைவிட நீளமானது. ஆகவே வெடிப்போ முடிச்சோ இல்லாத நீண்ட துண்டு தேவைப்படுகிறது.

மாற்றுகள்

கருங்காலி, ஈட்டி, சந்தனம் ஆகியவற்றிலும் நாதசுவரம் செய்வதுண்டு. இவை கிடைப்பதும் எளிதல்ல. சந்தனமும் ஈட்டியும் அரசுக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. ஈட்டி சேர்ந்த டால்பெர்ஜியா பேரினத்தின் பன்னாட்டு வணிகம் 2017 முதல் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. இருப்பினும் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-ல் விலக்கு அளிக்கப்பட்டது.

நாஞ்சில் நாட்டில், கோட்டாறு, சுசீந்திரம் பக்கத்துப் பழைய வீடுகளில் தேக்கு, அயினி, பலா ஆகியவை மிகுதி. பலா வீணைக்கும் மிருதங்கத்துக்கும் உகந்த மரம். ஆனால் ஆச்சாவின் கனமும் இறுக்கமும் அதற்கு இல்லை. உலவின் அடியில் பொருத்தப்படும் அணசுக்கு வாகை மரம் போதுமானது. அங்கே துளையின் நுண்ணளவு அத்தனை கறாராக வேண்டியதில்லை.

குழலுக்குள் அதிர்வது முதன்மையாகக் காற்றுத்தான். கும்பகோணம் ஆதிகும்பேசுவரர் கோயிலிலும் ஆழ்வார்திருநகரியிலும் உள்ள கல் நாதசுவரங்களே இதற்குச் சான்று. (அவற்றைத் தூக்கி வாசிப்பது வேறு கதை.) துளை வழுவழுப்பாகவும் நிலையாகவும் இருந்தால் வேறு பொருளும் ஒலிக்கும். கிளாரினெட் செய்யும் பிரான்சின் பஃபே கிராம்போன் நிறுவனம், ஆப்பிரிக்கக் கருமரத் தூளைக் கார்பன் இழை, பிசினுடன் கலந்து இறுக்கிய பொருளையும் பயன்படுத்துகிறது.

உலர்ந்த மரம் கிடைக்காத இடத்தில் கிளாரினெட் பட்டறைகளின் மற்றொரு முறையும் பயன்படக்கூடும். அங்கே துளையை முதலில் சிறிதாக இட்டு, துண்டை நெடுநாள் உலரவிடுவர். அது வளைந்து முடிந்த பிறகே உரிய அளவுக்குத் துளையை விரிப்பர். வெடித்த துண்டுகள் அந்த இடைவெளியிலேயே கழிந்துவிடும்.