டிராக்டரைப் பின்பக்கமாக ஏற்றுங்கள்

நெகிரி செம்பிலானின் பகாவ் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் டிராக்டரை டிரெய்லரில் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பலகை, ஓர் ஓட்டுநர், "போ, போ" என்று கூவ நாலு பேர். திடீரென முன்சக்கரங்கள் மேலெழுவது ஏன்?

பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் டிராக்டரில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எடை பின் அச்சின்மேல் இருக்கிறது. சரிவில் ஏறும்போது பாரம் இன்னும் பின்னால் போகிறது. அந்நேரம் கிளட்சைச் சட்டென விட்டால், சுழல முடியாத சக்கரத்துக்குப் பதிலாக வண்டியின் உடலே அச்சைச் சுற்றி எழும்பும். ஒன்றரை நொடியில் மல்லாந்துவிடலாம், குதிக்க நேரமிருக்காது.

ரிவர்ஸ் கியரில் மெதுவாக ஏற்றினால் அதே விசை மூக்கைக் கீழே அழுத்தும். முதலில் டிரெய்லரை லோரியோடு பூட்டி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். இல்லாவிட்டால் பின்முனையில் பாரம் ஏறியதும் முன்முனை எம்பும். பலகையில் சேறிருந்தால் கழுவுங்கள். கூவும் நாலு பேரும் தள்ளியே நிற்கட்டும்.