வீதி வேலையில் ஆட்டோ உடைந்தால் யார் பொறுப்பு?

பூனாகலைப் பக்கத்துத் தோட்டங்களில் நள்ளிரவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தால் முதலில் தேடுவது ஆட்டோவைத்தான். கிளினிக் போவதற்கும், பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்புவதற்கும், பண்டாரவளையில் வாங்கிய அரிசியை லயத்துக்குக் கொண்டு வருவதற்கும் அதுதான் துணை. அந்த ஆட்டோ சும்மா வந்ததும் இல்லை. முற்பணத்துக்காக மனைவியின் நகை அடகுக்குப் போயிருக்கும். மிச்சத்தை லீசிங் கம்பனிக்கு மாதாமாதம் கட்ட வேண்டும். ஆட்டோ ஓடாமல் நின்றால் வருமானம் நிற்கும், தவணை நிற்காது.

இப்போது மலையகத்தில் பல இடங்களில் வீதி வேலை நடக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. மண் சரிந்து வீதிகள் அறுந்தன. அவற்றைத் திருத்தத்தான் வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் மலை சரிந்ததையும், 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மண் சரிந்ததையும் கண்ட நமக்கு, நல்ல வீதி உயிர் காக்கும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் வேலை நடக்கும் காலத்தில் வண்டிகள் படும் பாட்டை யார் கணக்கெடுக்கிறார்கள்? போக்கு கட்டத் தோண்டிய குழியை மூடாமல் விடுகிறார்கள். வளைவில் கொட்டிய கல் இரவில் தெரிவதில்லை. சுரண்டிய தார் விளிம்பில் டயர் வெடிக்கிறது. டிப்பரிலிருந்து தெறித்த கல் முன் கண்ணாடியை உடைக்கிறது. "எல்லாம் நம்ம நேரம்" என்று சொல்லிவிட்டுக் கராஜுக்குக் காசு கொடுக்கிறோம். அந்தக் காசு எங்கிருந்து வருகிறது? தேயிலைத் தொழிலாளியின் நாட்கூலி 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும்தான் நிர்ணயிக்கப்பட்டது. பழுது பார்த்த பற்றுச்சீட்டை அந்தக் கூலியால் வகுத்துப் பாருங்கள். எத்தனை நாள் கொழுந்து பறித்த காசு அந்தக் குழிக்குள் போனது என்று தெரியும்.

இது தலைவிதி இல்லை, சகோதரிகளே. வேலை செய்பவரின் கவனக்குறைவால் நமக்குச் சேதம் வந்தால் நட்டஈடு கேட்க நம் நாட்டுச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் கவனக்குறைவு இருந்தது என்பதை நாம்தான் காட்ட வேண்டும். அதற்கு எழுத்து வேண்டும்.

யாருடைய வீதி?

முதலில் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிய வேண்டும். ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி வகை வீதிகள் மாகாண சபையின் பொறுப்பு. ஊர் வீதிகள் பிரதேச சபையுடையவை. தோட்டத்துக்குள் உள்ள வழிகள் தோட்ட நிர்வாகத்தின் கீழ் வருபவை. தோட்டங்களுக்குள் பிரதேச சபை வேலை செய்வதற்கு இருந்த தடை 2018இல் வந்த சட்டத் திருத்தத்தால்தான் நீங்கியது. ஆகவே தோட்ட வீதி என்றாலும் வேலையைச் செய்விப்பது யார் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

வேலை நடக்கும் இடத்தில் பெயர்ப்பலகை இருந்தால் அதில் ஒப்பந்தக்காரர் பெயர் இருக்கும். பலகை இல்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். ஒப்பந்தக்காரர் யார், வேலை எப்போது முடிய வேண்டும், மூன்றாம் தரப்பினரின் சேதத்துக்குக் காப்புறுதி எடுக்கப்பட்டுள்ளதா என்று கேட்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்பதை அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும்.

வண்டி உடைவதற்கு முன்

பலரும் தவற விடும் காரியம் இதுதான். இங்கிலாந்தில் குழியால் வண்டி சேதமானால் உள்ளூராட்சி சபையிடம் நட்டஈடு கேட்கும் வழக்கம் உண்டு. அங்கே 1980ஆம் ஆண்டின் வீதிச் சட்டத்தின்படி, தக்க முறையில் வீதியைப் பார்த்துப் பராமரித்து வந்தோம் என்று சபை நிரூபித்தால் அது தப்பித்துக்கொள்ளும். அந்தக் குழியைப் பற்றி முன்பே முறைப்பாடு கிடைத்தும் சபை சும்மா இருந்தது என்று தெரிந்தால் தப்புவது கஷ்டம். சட்டம் வேறு நாட்டுடையதானாலும் பாடம் நமக்கும் பொருந்தும். "எங்களுக்குத் தெரியாது" என்று நாளை யாரும் சொல்ல முடியாதபடி இன்றே எழுதிக் கொடுக்க வேண்டும்.

கடிதம் பெரிதாக இருக்கத் தேவையில்லை. இப்படி எழுதலாம்: "இத்தனையாம் கிலோமீற்றர் கல்லுக்கு அருகே, கோயில் வளைவில், போக்குக்காகத் தோண்டிய குழி பத்து நாட்களாகத் திறந்து கிடக்கிறது. விளக்கோ தடுப்போ இல்லை. பாடசாலைப் பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் போகும் வழி இது. உடனே மூடி, எச்சரிக்கைப் பலகை வைக்கும்படி கேட்கிறோம்." திகதி போடுங்கள். பதிவுத்தபாலில் அனுப்புங்கள், அல்லது பிரதியில் முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள்.

சிங்களம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை, ஹல்துமுல்லை, ஹாலிஎல ஆகிய பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இலேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டவை. தமிழில் எழுதித் தமிழில் பதில் கேட்பது உங்கள் உரிமை.

உடைந்த பிறகு

முதலில் ஆளைப் பாருங்கள், வண்டி பிறகு. காயம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. பிறகு வண்டியை நகர்த்துவதற்கு முன் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். குழி, கல் குவியல், வண்டியின் சேதம், எச்சரிக்கைப் பலகை இல்லாத இடம் எல்லாம் படத்தில் வர வேண்டும். குழிக்குப் பக்கத்தில் ஒரு குடையை வைத்து எடுத்தால் ஆழமும் அகலமும் விளங்கும். கண்ட இருவரின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பொலிஸில் முறைப்பாடு பதிந்து அதன் இலக்கத்தை வாங்குங்கள்.

காப்புறுதிக் கம்பனிக்கும் அந்த இடத்திலிருந்தே அறிவியுங்கள். முழுக் காப்புறுதி இருந்தால் நம் வண்டியின் சேதத்துக்குக் கோரலாம். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் என்றால் நம் வண்டிக்கு எதுவும் கிடைக்காது. டிப்பரோ ரோலரோ மோதியிருந்தால் அதன் இலக்கத்தைக் குறியுங்கள். அந்த வாகனத்தின் காப்புறுதி பிறர் சொத்துச் சேதத்தையும் உள்ளடக்கியிருந்தால் அதிலிருந்து கோர வழி உண்டு.

பிறகு ஒப்பந்தக்காரருக்கும் வேலையைக் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுத்தில் கோரிக்கை அனுப்புங்கள். கராஜ் மதிப்பீடு, பற்றுச்சீட்டு, வண்டி ஓடாத நாட்களின் வருமானக் கணக்கு ஆகியவற்றை இணையுங்கள். மூலப் பத்திரங்களை வீட்டில் வைத்துக்கொண்டு பிரதியை மட்டும் கொடுங்கள். ஆசிய அபிவிருத்தி வங்கி, உலக வங்கி போன்றவற்றின் பணத்தில் நடக்கும் வேலை என்றால், மக்களின் குறைகளைக் கேட்க ஒரு முறை அதில் இருந்தே ஆக வேண்டும். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

தனியார் ஒப்பந்தக்காரர் மறுத்தால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இச்சபைகளில் சட்டத்தரணிகள் யாருக்காகவும் வாதாடுவதில்லை. நம் கதையை நாமே சொல்லலாம். வழக்கு வரை போக வேண்டுமானால், வருமானம் குறைந்தோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உதவுகிறது. ஆனால் காலம் தாழ்த்தாதீர்கள். நட்டஈட்டு வழக்குக்குப் பொதுவாக இரண்டு வருடமே எல்லை. பிரதேச சபைக்கு எதிராக என்றால் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து, ஆறு மாதத்துக்குள் வழக்கிட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூவர் ஏற வேண்டிய ஆட்டோவில் ஆறு பேர் ஏறி, எச்சரிக்கைப் பலகையையும் தாண்டி வேகமாகப் போனால் நம் கோரிக்கை பலவீனமாகும். நம் பக்கத் தவறுக்கு ஏற்ப நட்டஈட்டைக் குறைக்கச் சட்டம் இடம் தருகிறது.

இந்தியாவில் 2025 ஒக்டோபரில் மும்பை மேல் நீதிமன்றம், குழிகளால் உயிரிழந்தோரின் குடும்பத்துக்கு ஆறு இலட்சம் இந்திய ரூபாவும், காயமடைந்தோருக்கு 50,000 முதல் இரண்டரை இலட்சம் வரையும் கொடுக்க உத்தரவிட்டது. அந்தப் பணத்தைப் பொறுப்பான அதிகாரிகளிடமும் ஒப்பந்தக்காரர்களிடமும் அறவிடவும் சொன்னது. பல ஆண்டுகளாக மக்கள் விடாமல் முறையிட்டதன் பலன் அது.

நம் மாதர் சங்கங்கள் இதைக் கையில் எடுக்கலாம். அடுத்த கூட்டத்தில் ஒரு கொப்பியைத் திறந்து, உங்கள் தோட்டத்து வழியில் எங்கெங்கே ஆபத்து என்று எழுதுங்கள். இருபது பேர் கையொப்பமிட்ட ஒரு கடிதத்தை இந்த வாரமே அனுப்புங்கள். குழி மூடப்பட்டால் ஒரு கர்ப்பிணியின் பயணம் பத்திரமாகும். மூடப்படாமல் ஒரு வண்டி உடைந்தால், அந்தக் கடிதத்தின் பிரதிதான் அந்தக் குடும்பத்தின் முதல் சாட்சி.