தன் புகையைத் தானே குடித்த எஞ்சின்

ஃபோர்டு எஃப்-250 டீசல் பிக்அப்பில் 2002 மாடலையும் 2004 மாடலையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தினால் வெளியில் பெரிய வித்தியாசம் தெரியாது. பானெட்டைத் தூக்கினால்தான் விஷயம். முதலாவதில் இருப்பது 7.3 லிட்டர் எஞ்சின், அடுத்ததில் 6.0 லிட்டர். இரண்டையும் செய்து கொடுத்தது நேவிஸ்டார் என்ற ஒரே நிறுவனம். ஆனால் அமெரிக்கப் பழைய வண்டிச் சந்தையில் 7.3-க்குக் கோயில் கட்டாத குறைதான், 6.0 என்றதும் விலை பேச வந்தவரின் முகம் மாறிவிடும்.

7.3 ஒன்றும் குறையே இல்லாதது அல்ல. கேம்ஷாஃப்ட் சென்சார் சொல்லாமல் கொள்ளாமல் செத்து, ஓடுகிற வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிடும். விவரம் தெரிந்தவர்கள் ஸ்பேர் சென்சாரும் ஒரு ஸ்பேனரும் வண்டியிலேயே வைத்திருப்பார்கள். மாற்றுவது சின்ன வேலை. 6.0 வைக்கும் செலவு வேறு ரகம்.

எல்லாம் அரசின் புகை விதிகள் செய்த வேலை என்று வண்டிக்காரர்கள் திட்டுவதுண்டு. அதில் பாதிதான் உண்மை. விதி கேட்டது சுத்தமான புகை. அதை எஞ்சினுக்குள்ளேயே, அதுவும் அவசரத்தில், சாதிக்கப் பார்த்ததில்தான் வினை வந்தது.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தி அழுத்திச் சூடேற்றி, அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். அந்தச் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகின்றன. காற்று சரியாகக் கலக்காத இடத்தில் எரியாத கரி மிஞ்சுகிறது. சூட்டைக் குறைத்தால் நைட்ரஜன் ஆக்சைடு குறையும், கரி கூடும். சூட்டைக் கூட்டினால் நேர்மாறு. டீசல் பொறியாளர்களின் தலைவலி முழுவதும் இந்த முடிச்சில்தான் இருக்கிறது.

1998-இல் ஏழு டீசல் எஞ்சின் நிறுவனங்கள் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் மாட்டிக்கொண்டன. சோதனையில் ஒழுங்காக நடந்துகொண்டு, நெடுஞ்சாலையில் புகையைக் கூட்டிவிடும்படி எஞ்சின் கம்ப்யூட்டரை அமைத்திருந்தார்கள் என்பது புகார். சமரசத்தின் ஒரு பகுதியாக, 2004-க்கு வைத்திருந்த விதியைக் கனரக எஞ்சின்கள் 2002 அக்டோபரிலேயே எட்ட வேண்டியதாயிற்று. பிக்அப் எஞ்சின்களையும் புதிய வரம்பு விடவில்லை. 7.3 விடைபெற்றது, 2003 மாடலோடு 6.0 வந்தது.

சூட்டைக் குறைக்க அதில் ஈ.ஜி.ஆர். என்ற ஏற்பாடு இருந்தது. வெளியேறும் புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள்ளேயே விடுவார்கள். அதில் ஆக்சிஜன் குறைவு என்பதால் எரிதல் தணியும். ஆனால் புகை பல நூறு டிகிரியில் வருகிறது. ஆகவே அதை முதலில் கூலன்ட் நீரால் ஆறவைக்க ஒரு கூலர் வேண்டும்.

இங்கேதான் கோளாறு. 6.0-வில் கூலன்ட் முதலில் ஆயில் கூலருக்குள் போய், அங்கிருந்துதான் புகைக் கூலருக்கு வரும். ஆயில் கூலரின் சந்துகள் மிகக் குறுகியவை. எஞ்சின் வார்த்தபோது ஒட்டியிருந்த மணலும் கூலன்டின் கசடும் அங்கே போய் அடைத்துக்கொள்ளும். பின்னால் இருக்கும் புகைக் கூலருக்கு நீர் வருவது குறையும். வந்த நீரும் கொதிக்கும். குழாய்கள் வெடித்து, கூலன்ட் காற்று வழியே சிலிண்டருக்குள் இறங்கும். சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். சிலிண்டரைச் சுற்றி நான்கே ஹெட் போல்ட்கள். அழுத்தம் ஏறினால் ஹெட் தூக்கிக் கொடுத்து கேஸ்கெட் போகும். கூலன்ட் டப்பா மூடியைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் அனுபவசாலி மெக்கானிக் உதட்டைப் பிதுக்குவார். நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓட்டிப் பார்த்து, ஆயிலின் சூடு கூலன்டைவிட 15 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் ஏறி நின்றால் ஆயில் கூலர் அடைத்துவிட்டது என்று கணக்கு. பெரிய வேலை என்றால் கேபினையே சேஸிலிருந்து கழற்றி மேலே தூக்கிவிடுவார்கள்.

வாரன்டிச் செலவை யார் தலையில் கட்டுவது என்று 2007-இல் ஃபோர்டும் நேவிஸ்டாரும் கோர்ட்டுக்குப் போய், 2009-இல் சமரசமானார்கள். இடையில் 2008 மாடலுக்கு 6.4 வந்திருந்தது. இதில் கரியைப் பிடிக்க வடிகட்டி. சேர்ந்த கரியை எரிக்க, சிலிண்டருக்குள்ளேயே கூடுதல் டீசலைப் பீய்ச்சினார்கள். அதில் கொஞ்சம் சுவர் வழியே வழிந்து ஆயிலில் கலந்தது. ஆயில் மட்டம் குறைந்தால் பயப்படுவோம். இந்த எஞ்சினில் மட்டம் ஏறினால் பயப்பட வேண்டும்!

2010-க்கான வரம்பு இன்னும் கடுமை. 1998-இல் ஒரு குதிரைத்திறன்-மணிக்கு 4 கிராம் வரை விட்டிருந்த நைட்ரஜன் ஆக்சைடு, 0.2 கிராமுக்கு இறங்கியது. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கெடுபிடிதான் எஞ்சினுக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது. எஞ்சின் நன்றாகச் சூடாகவே எரியட்டும், வெளியே போகும் வழியில் யூரியாக் கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிக்கொள்ளலாம் என்ற முறை பரவியது. பெருந்தீயில் சமைத்துவிட்டுப் பாத்திரத்தைத் தனியே தேய்ப்பது மாதிரி. நம் ஊர் பி.எஸ்.6 லாரிகளில் ஊற்றுவதும் இதே கரைசல்தான். ஃபோர்டு 2011 மாடலுக்குத் தானே வடிவமைத்த 6.7 இந்த விதியை முன்னால் வைத்துக்கொண்டே பிறந்தது. ஈ.ஜி.ஆர். அதிலும் உண்டு, ஆனால் முழுப் பாரமும் அதன்மேல் இல்லை. சிலிண்டருக்கு ஆறு போல்ட். பெயரும் கெடவில்லை, எரிபொருள் பம்ப் தேய்ந்து உலோகத் துகளை இன்ஜெக்டர்வரை அனுப்பிவிடும் தொல்லையைத் தவிர.

1998-இல் எழுந்தது போன்ற ஏமாற்றுப் புகார்கள் அதோடு நின்றுவிடவில்லை. 2013 முதல் 2019 வரையிலான ராம் பிக்அப்களில் சுமார் 6,30,000 வண்டிகளின் எஞ்சின் மென்பொருள் தொடர்பாக, 2023 டிசம்பரில் கம்மின்ஸ் எஞ்சின் நிறுவனம் 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒத்துக்கொண்டது, தவறை ஒப்புக்கொள்ளவில்லை. வண்டிக்காரர்கள் பக்கமும் சுத்தமில்லை. வடிகட்டியையும் ஈ.ஜி.ஆரையும் கழற்றி எறிந்த டீசல் பிக்அப்கள் 5,50,000-க்கு மேல் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே 2020-இல் கணக்கிட்டது. காற்றுக்கு அது 90 லட்சம் டீசல் பிக்அப்களைக் கூடுதலாக ரோட்டில் இறக்கியதற்குச் சமமாம்.

கழற்றியது சட்டவிரோதம். ஆனால் அவர்களுடைய ஒரு குறை நியாயமானது. யூரியா தீர்ந்தாலோ, சென்சார் பழுதாகி எச்சரிக்கை வந்தாலோ, சில மணி நேரத்தில் வேகம் மணிக்கு 5 மைல்வரை இறங்கிவிடும். அறுவடை நேரத்தில் வயல்காட்டில் மாட்டிக்கொண்டவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் முகமை இதைத் தளர்த்த வழிகாட்டுதல் வெளியிட்டது. வேகம் குறைவதற்கு முன் ஓட்டுநருக்குக் கூடுதல் அவகாசம் தரும்படி, ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளின் மென்பொருளையும் மாற்றிக் கொடுக்க நிறுவனங்களைக் கேட்டிருக்கிறது.