கேஸ் ஓவன் பற்றாவிட்டால்

நம் உறுப்பினர்களில் பலர் மளிகையோடு பேக்கரியும் டீக்கடையும் சேர்த்தே நடத்தி வருகிறார்கள். பனியன் கம்பெனிக்கு டீயும் பன்னும் போய்ச் சேரும் நேரம் ஒரு நாள் தவறினாலும் அந்த வாடிக்கை அடுத்த கடைக்குப் போய்விடும். ஆகவே விடியற்காலையில் ஓவன் பற்றவில்லை என்றால் மாஸ்டருக்குப் பதற்றம் வருவது இயற்கை. திரும்பத் திரும்பத் திருகைத் திறப்பார், குச்சியைக் கிழிப்பார். நாம் மைதா போடும் கடை ஒன்றில் ஒரு மாஸ்டருக்குப் புருவமும் முன்கைத் தோலும் கருகிப்போனது இப்படித்தான்.

சமையல் எரிவாயு காற்றைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனமானது. பற்றாமல் வெளியேறிய வாயு மேலே போகாது. ஓவனின் அடித்தட்டிலும் தரையிலும் தேங்கும். நாலாவது குச்சி கிழிக்கும்போது அத்தனையும் ஒரே நொடியில் பிடிக்கும். எனவே ஒரு முறை பற்றவில்லை என்றால் திருகை மூடி, ஓவன் கதவையும் கடைக் கதவையும் திறந்து, ஐந்து நிமிடமாவது விட்டு, தரையோரம் வாடை இல்லை என்று பார்த்த பிறகே அடுத்த முயற்சி. வாடை விடாமல் அடித்தால் சிலிண்டர் வால்வை மூடுங்கள், மின் சுவிட்ச் எதையும் தொடாதீர்கள், வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். அந்த எண் இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது.

நாம் அதிகம் கேட்கும் புகார், "பைலட் பத்துதுங்க, கையை எடுத்தா அணைஞ்சுருதுங்க" என்பதே. இதற்குக் காரணம் பெரும்பாலும் தெர்மோகப்பிள் என்னும் சிறு குச்சி. இரண்டு உலோகங்களைச் சேர்த்துச் செய்த இதன் முனை பைலட் சுடரில் நிற்கும். சூடேறினால் 20, 30 மில்லிவோல்ட் மின்சாரம் உண்டாகும். டார்ச் செல்லில் சுமார் ஐம்பதில் ஒரு பங்குதான் இது என்றாலும், வால்வுக்குள் உள்ள காந்தத்தைப் பிடித்து நிறுத்த அது போதும். சுடர் அணைந்தால் முனை ஆறும், காந்தம் விடும், வாயு நின்றுவிடும். ஆகவே பைலட் பற்றிய பிறகு திருகை 20, 30 வினாடி அழுத்தியே பிடிக்க வேண்டும். அவசரத்தில் முன்னதாகக் கையை எடுப்பதே பாதிப் புகாருக்குக் காரணம். அப்படிப் பிடித்தும் அணைந்தால், எல்லாம் ஆறிய பின் முனையில் படிந்த கரியை நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, முனை சுடருக்குள் நிற்கிறதா என்று பார்க்கலாம். அதற்கும் சரியாகாவிட்டால் குச்சியை மாற்ற வேண்டியதுதான்.

சில மெக்கானிக்குகள் இந்த வால்வையே கழற்றிவிட்டு நேர் இணைப்புக் கொடுத்துவிடுகிறார்கள். தொல்லை விட்டது என்று முதலாளியும் காசு கொடுக்கிறார். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் பக்கம் அடிக்கும் அடியில் பைலட் அணைவது சகஜம். அப்போது சூடான ஓவனுக்குள் வாயு கொட்டிக்கொண்டே இருக்கும். இதைச் செய்யும் மெக்கானிக்கை நாம் கடைக்குள் விடமாட்டோம்.

பைலட்டே பற்றாவிட்டால் வாயு வருகிறதா என்று பார்க்க வேண்டும். பெரிய ஓவன் வேகமாக இழுக்கும்போது சிலிண்டர் குளிர்ந்து வெளியே வெண்பனி பூக்கும், அழுத்தமும் இறங்கும். இதற்காகச் சிலிண்டரை வெந்நீரில் வைப்பதும் படுக்கப் போடுவதும் ஆபத்து. படுத்தால் திரவமே குழாயில் ஏறிவிடும். 19 கிலோ சிலிண்டர்கள் இரண்டை முறைப்படி இணைத்துக்கொள்வதே வழி. வீட்டுச் சிலிண்டரை வணிகத்துக்குப் பயன்படுத்துவது 2000-ஆம் ஆண்டு உத்தரவின்படி குற்றம் என்பதையும் நினைவில் வைக்கவும்.

பேக்கரியில் மைதாத் தூசியும் பூச்சிக்கூடும் ஜெட் துளையை அடைக்கும். ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிச் சுடர் மஞ்சளாக எரியும், பன்னில் கரி பிடிக்கும். ஜெட்டைக் கழற்றித் தூரிகையால் துடைப்பது, முடியாவிட்டால் புதிது போடுவது நல்லது. கழற்றிய இணைப்புகளில் கசிவு பார்க்கச் சோப்பு நுரைதான், தீக்குச்சி கூடாது.

தெர்மோகப்பிள் ஒன்றைக் கல்லாப்பெட்டி அருகே உபரியாக வைத்திருக்கலாம். நீளமும் மரை அளவும் ஓவனுக்கு ஓவன் மாறும். பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்கவும்.